முக்குருத்தி தேசியப் பூங்கா: வரையாட்டின் வாழிடமும் மலைப்புல்வெளி குறித்த புரிதலும்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ள முக்குருத்தி தேசியப் பூங்கா, தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய நீலகிரி வரையாட்டைக் காக்கும் பொருட்டு உருவாக்கப்பட்டதாகும். வேட்டையை நெறிப்படுத்துதல், எல்லை வகுத்தல், சட்டத் தகுதி அளித்தல் என்னும் படிகளின் வழியே இவ்விலங்கிற்கான பாதுகாப்பு வளர்ந்து வந்துள்ளது. ஆயினும் இவ்விலங்கு மேய்ந்து வாழும் மலைப்புல்வெளி, ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக, மரம் நடுவதற்காகக் காத்துக்கிடக்கும் வெற்றுநிலமாகவே நிர்வாகத்தினரால் கருதப்பட்டது. ஆகவே விலங்கைக் காக்கும் முயற்சியும் அதன் வாழிடத்தை மாற்றும் முயற்சியும் ஒரே மலையில் ஒருங்கே நடந்தேறின. புல்வெளியின் தொன்மை, அது குறைந்த வரலாறு, அதனால் நேர்ந்த நீரியல் விளைவு, அயல்மரங்களை அகற்றுவதிலுள்ள சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: முக்குருத்தி, நீலகிரி வரையாடு, வருடை, சோலைக்காடு, மலைப்புல்வெளி, அயல்மரங்கள், தோடர்

முன்னுரை

காட்டைக் காத்தல் என்றாலே மரத்தைக் காத்தல் என்று பொருள் கொள்ளும் வழக்கம் பொதுமக்களிடமும் பாடநூல்களிலும் வேரூன்றியுள்ளது. மரம் அடர்ந்த நிலம் வளமானது. மரமற்ற நிலம் வளம் குன்றியது என்னும் எண்ணம் இதன் அடிப்படையாகும். இவ்வெண்ணம் பொருந்தாத இடங்களுள் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகளில் காணப்படும் புல்வெளி. அங்கு நடப்பட்ட மரம் சில உயிரினங்களுக்கு அடைக்கலமாக அமையாமல், அவற்றின் வாழிடத்தைப் பறிக்கும் பொருளாக அமைந்தது. இதனைத் தெளிவாகக் காட்டும் சான்றாக முக்குருத்தி தேசியப் பூங்கா விளங்குகிறது. ஓர் அரிய விலங்கிற்கென எல்லை வகுத்துவிட்டால் அவ்விலங்கு காக்கப்பட்டுவிடுமா என்னும் வினாவிற்கு இப்பூங்காவின் வரலாறு விடை தருகிறது.

1. பூங்காவின் அமைவிடமும் இயல்பும்

முக்குருத்தி தேசியப் பூங்கா நீலகிரி மாவட்டத்தில் 78.46 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. இதன் மேற்கு எல்லையில் பீடபூமி திடீரென முடிவுற்று, செங்குத்தான பாறைச் சரிவுகளாகக் கேரளத்தின் தாழ்நிலக் காடுகளை நோக்கி இறங்குகிறது. பூங்காவிற்குப் பெயர் தந்த முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரமுடையது. தென்மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுடன் இது நிலத்தொடர்ச்சி கொண்டுள்ளது. 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியாகவும், 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 கூறுகளுள் ஒன்றாகவும் இப்பூங்கா உள்ளது.

தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் விளிம்பு இதுவாதலால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இடைவிடாத மழையும் மூடுபனியும் கடுங்காற்றும் நிலவுகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளில் பள்ளங்களில் உறைபனி படிகிறது. இவ்விரு பருவங்களுக்கும் ஏற்ப நிலத்தின் தோற்றமும் இரண்டாகப் பிரிந்துள்ளது. மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த, பசுமை மாறாச் சோலைக்காடுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளிலும் முகடுகளிலும் பரந்த புல்வெளி உள்ளது. காடு எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோடு கிழித்தாற்போலக் காணலாம். தமிழ்ச் சொல்லாகிய 'சோலை' என்பதே அறிவியல் உலகில் இக்காட்டு வகைக்குரிய கலைச்சொல்லாக வழங்குவது குறிப்பிடத்தக்கது. சோலைக்குக் கிடைத்த இத்தகைய தனிப்பெயரும் மதிப்பும் அதனைச் சூழ்ந்த புல்வெளிக்குக் கிடைக்கவில்லை.

வரையாடு மட்டுமன்றி, நீலகிரிக் கருமந்தி, நீலகிரி மரநாய், நீலகிரிச் சிரிப்பான் முதலிய சோலைவாழ் உயிரினங்களும், உயர்மலைப் புல்வெளியையே நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையும் இங்குக் காணப்படுகின்றன. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய கொன்றுண்ணிகளும் உள்ளன. இவற்றுள் சோலையை நம்புவன எவை, புல்வெளியை நம்புவன எவை என்னும் வேறுபாடு இக்கட்டுரையின் போக்கிற்கு இன்றியமையாததாகும்.

2. வருடையும் வரையாடும்

'வரையாடு' என்னும் பெயரில் விலங்கும் அதன் இடமும் இணைந்தே நிற்கின்றன. 'வரை' என்பது மலையையும் மலைச்சரிவையும் குறிக்கும் சொல். சங்க இலக்கியங்களில் 'வருடை' என்னும் பெயரால் ஒரு மலைவாழ் விலங்கு சுட்டப்படுகிறது. ஐங்குறுநூறு, நற்றிணை, பட்டினப்பாலை ஆகிய நூல்களில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. உயர்ந்த மலைமுகட்டோடும் பாறைச் சரிவோடும் இணைத்தே அது பேசப்படுவதால், வருடை என்பது வரையாட்டையே குறிக்கும் என்று கொள்ளப்படுகிறது. ஒரு விலங்கை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பாராத நோக்கு திணைக்கோட்பாட்டிற்கு இயல்பானது. பிற்காலப் பாதுகாப்புச் சட்டங்கள் இந்நோக்கை எட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

வரையாட்டின் அறிவியற்பெயர் நீலகிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ். 1838ஆம் ஆண்டு ஓகில்பி என்பவர் இதனை முதலில் விவரித்தார். நெடுங்காலம் இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் இது வைத்து எண்ணப்பட்டது. 2005ஆம் ஆண்டு ரோபிகே, ஹசனின் ஆகியோர் மேற்கொண்ட மரபணு ஆய்வு, இது இமயமலைத் தாரைக் காட்டிலும் செம்மறியாட்டு இனத்திற்கு நெருங்கியது என நிறுவியது. அதன் பின்னரே நீலகிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினம் இதற்கென அமைக்கப்பட்டது. அப்பேரினத்தில் இஃது ஒன்றே உள்ளது. எனவே இவ்விலங்கு அழியுமாயின் ஒரு சிற்றினம் மட்டுமன்றி ஒரு பேரினமே உலகினின்று மறையும்.

வளர்ந்த ஆண் ஏறத்தாழ 100 கிலோ எடை வரை வளரும். பெண் அதில் ஏறக்குறைய பாதி எடையே உடையது. முதிர்ந்த ஆணின் முதுகில் சேணம் இட்டாற்போல வெளிர்நிறப் பகுதி தோன்றுவதால் அது 'சேணமுதுகன்' என்னும் பொருளில் ஆங்கிலேயரால் அழைக்கப்பட்டது. பெண் பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு குட்டியை ஈனும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலான குட்டிகள் பிறக்கின்றன. குட்டிகளில் கணிசமானவை முதல் ஆண்டைக் கடப்பதில்லை.

இவ்விலங்கின் வாழ்க்கைக்கு இரண்டு நிலக்கூறுகள் அருகருகே அமைதல் வேண்டும். ஒன்று மேய்ச்சலுக்குரிய திறந்த புல்வெளி; மற்றொன்று பகைவிலங்கு நெருங்கும்போது தாவி ஏறித் தப்புவதற்குரிய செங்குத்துப் பாறை. புல்வெளியில் மேயும்போது தொலைவிலிருந்தே ஆபத்தைக் கண்டுகொள்ளும் கூரிய பார்வையே இதன் முதற் காப்பு. பாறை இரண்டாம் காப்பு. மேய்நிலத்தில் மரம் அடர்ந்தால் பார்வை மறைகிறது. புல் நிழலில் மடிகிறது. பதுங்கிவரும் சிறுத்தைக்கு மறைவிடம் கிடைக்கிறது. ஒரே மாற்றம் உணவையும் காவலையும் ஒருசேரப் பறிக்கிறது.

இன்று நீலகிரி தொடங்கித் தெற்கே அகத்தியமலை வரையுள்ள உயர்மலைப் பகுதிகளில் மட்டுமே, ஒன்றோடொன்று தொடர்பற்ற சிறு கூட்டங்களாக வரையாடுகள் வாழ்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக் கூட்டத்தை ஆனைமலைக் கூட்டத்தினின்று முற்றிலும் பிரித்துவிடுகிறது. ஆகவே முக்குருத்தியில் குறையும் வரையாட்டை வேறோர் இடத்திலிருந்து வந்து சேரும் வரையாடு ஈடுசெய்ய இயலாது.

3. புல்வெளி இயற்கையானதா, அழிவின் எச்சமா?

முக்குருத்தியின் புல்வெளி எவ்வாறு தோன்றியது என்பது வெறும் அறிவியல் வினா அன்று. அதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே அந்நிலத்தை எவ்வாறு நடத்துவது என்பது முடிவாகிறது. முன்பு காடாக இருந்து தீயாலும் மேய்ச்சலாலும் அழிந்ததன் எச்சமே புல்வெளி எனில், அங்கு மரம் நடுதல் மீட்புப் பணியாகும். புல்வெளி தன்னியல்பில் தோன்றியது எனில், அதே செயல் அழிவுப் பணியாகும்.

இவ்விவாதம் 1938ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக எழுந்தது. நீலகிரியின் சோலை, புல்வெளி ஆகியவற்றை ஆராய்ந்த ரங்கநாதன், உறைபனியே சோலை மரக்கன்றுகளைத் திறந்த வெளியில் வளரவிடாமல் தடுக்கிறது என்றும், ஆதலால் புல்வெளி நிலைபேறுடைய இயற்கைத் தாவரத்தொகுதி என்றும் கருதினார். அதே ஆண்டில் நீலகிரித் தாவரங்கள் குறித்து எழுதிய போர் என்னும் தாவரவியலாளர், புல்வெளி தீயினால் உண்டான இரண்டாம் நிலைத் தாவரத்தொகுதி என்னும் கருத்தினை முன்வைத்தார். பின்னர் மெஹர்-ஹோம்ஜி போன்றோர் உறைபனிக் கருத்தை மேலும் வளர்த்தனர்.

இவ்விவாதத்திற்குப் புதிய சான்று 1993ஆம் ஆண்டு கிடைத்தது. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள பீட் எனப்படும் தாவரப் படிவுகளை ஆராய்ந்தனர். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் ஒளிச்சேர்க்கையில் கார்பனை ஏற்கும் முறை வேறுபடுவதால், அவை மக்கிய படிவில் கார்பன்-13 என்னும் ஓரிடத்தானின் விகிதமும் வேறுபடுகிறது. அடுக்கடுக்காகப் படிந்த பீட்டில் இவ்விகிதத்தை அளந்தால், எந்தக் காலத்தில் எவ்வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என அறியலாம். கடந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பம் வறண்டபோது புல்வெளி விரிந்தும், ஈரம் மிகுந்தபோது மற்றத் தாவரங்கள் பெருகியும் வந்துள்ளமையை இவ்வாய்வு காட்டியது. மேய்ச்சலும் வேளாண்மையும் இம்மலையில் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே புல்வெளி இருந்துள்ளது என்பது இதனால் பெறப்படுகிறது. தீயும் மேய்ச்சலும் புல்வெளியின் எல்லையை மாற்றியிருக்கலாம். அதனைப் படைத்தவை அவை அல்ல.

உறைபனியின் பங்கினை ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட கள ஆய்வு உறுதிப்படுத்தியது. திறந்த புல்வெளியில் குளிர்கால இரவின் உறைபனி சோலை மரக்கன்றுகளை அழிக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியச் சீகைக் கன்றுகள் அதனைத் தாங்கி வளர்கின்றன என்பது அவ்வாய்வு தரும் செய்தி. உள்ளூர் மரத்தைத் தடுத்துநிறுத்திய இயற்கை வேலி, அயல்மரத்தைத் தடுக்கவில்லை. புவி வெப்பமடைதலால் உறைபனி இரவுகள் குறையுமாயின் இவ்வேலி மேலும் தளரும்.

4. 'தரிசு' என்னும் பெயரும் மரப்பயிரும்

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்ததைத் தொடர்ந்து ஐரோப்பியர் குடியேற்றம் தொடங்கியது. படைமுகாம்களுக்கும் நகருக்கும் தேவையான விறகிற்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க விரைவில் வளரும் அயல்மரங்கள் தேடப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை வகைகளும், உள்ளூரில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொண்டுவரப்பட்டன. நகரைச் சூழ்ந்த புல்வெளிகளில் இவை நடப்பட்டன. வெட்டப்பட்டது சோலை, அதற்கு ஈடாக மரம் நடப்பட்டது புல்வெளியில். இரண்டு வாழிடங்களும் ஒரே சமயத்தில் இழப்பிற்குள்ளாயின.

விடுதலைக்குப் பின் இப்போக்கு நிற்கவில்லை, விரைவுற்றது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தேவைப்பட்டது. சிறுமுகையில் இயங்கிய செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. 1952ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை தொழில்களுக்கு வேண்டிய மரவளத்தைப் பெருக்குவதை முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ், மனித நடமாட்டம் குறைந்த மேற்கு விளிம்பிலும் சீகையும் கற்பூர மரமும் பைன் மரமும் நடப்பட்டன. வருவாய் தராத புல்வெளி வருவாய் தரும் மரக்காடாக மாற்றப்படுவது முன்னேற்றம் எனவே கருதப்பட்டது.

இதே காலத்தில் நீர்மின் திட்டங்களும் இம்மலையை மாற்றின. பைக்காரா மின்நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. முக்குருத்தி அணை 1938ஆம் ஆண்டு கட்டப்பட்டது. பின்னர்க் கொழும்புத் திட்டத்தின் வழியே கிடைத்த கனடா நாட்டு உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் நிறைவேறியது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்களின் அடியில் பள்ளத்தாக்குப் புல்வெளிகளும் ஈரநிலங்களும் மூழ்கின.

1973 முதல் 2017 வரையிலான 44 ஆண்டுகாலச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அரசுமணி உள்ளிட்டோர் மேற்கொண்ட ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளியில் சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு, அயல்மரங்களால் இழக்கப்பட்டது எனக் கணக்கிட்டுள்ளது. இவ்விழப்பின் பெரும்பகுதி நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய தொடர்களில் நேர்ந்துள்ளது. மனிதர் நட்ட மரங்களோடு நில்லாமல், அவற்றின் விதை பரவித் தானாக முளைத்த மரங்களும் இவ்விழப்பிற்குக் காரணம் ஆகும். நடும் பணி 1980களின் இறுதியில் கைவிடப்பட்ட பின்னும் பரவல் நிற்கவில்லை.

5. நீரியல் விளைவு

புல்வெளியின் பயன் வரையாட்டோடு முடிவதன்று. பருவமழையைப் புல்வேர்களும் பள்ளங்களிலுள்ள சதுப்புகளும் உறிஞ்சிவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பைக்காரா, பவானி ஆகிய ஆறுகளின் தலைநீர் இம்மேற்கு விளிம்பிலிருந்து வருவதாகும். பவானியாற்றின் வழியே இந்நீர் கொங்குநாட்டு வயல்களையும் ஊர்களையும் அடைகிறது.

மரம் நட்டால் நீர் பெருகும் என்னும் பொதுநம்பிக்கையை நீலகிரியிலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வு சோதித்தது. உதகமண்டலத்திலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர் கிளன்மார்கன் பகுதியில் அருகருகே அமைந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தனர். ஒன்று இயற்கைப் புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நடப்பட்டது. இரண்டிலிருந்தும் வெளிப்பட்ட நீர் பல்லாண்டுகள் அளக்கப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டிய பின் அடித்தூரிலிருந்து தழைத்த இரண்டாம் சுழற்சியில் இக்குறைவு 25.4 விழுக்காடாக உயர்ந்தது. கோடைக்கால ஓட்டத்தில் ஏற்பட்ட வீழ்ச்சி இதனினும் கடுமையானது. நீர் மிகுதியும் தேவைப்படும் மாதங்களிலேயே இழப்பு மிகுந்தது என்பது இவ்வாய்வின் சாரம். வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் சமவெளி உழவரின் நீராதாரமும் ஒரே நிலமே என்பது இதனால் விளங்குகிறது.

6. சட்டப் பாதுகாப்பின் வளர்ச்சி

நீலகிரியில் காட்டுயிர்ப் பாதுகாப்பு வேட்டையாடுவோரின் முயற்சியாகத் தொடங்கியது. வரையாடு உள்ளிட்ட வேட்டை விலங்குகள் அருகிவருவதைக் கண்ட ஐரோப்பியர் 1877ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தனர். 1879ஆம் ஆண்டு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டைக்கு உரிமமும் பருவத்தடையும் விதித்த இச்சட்டம், வேட்டை தொடர்ந்து நடைபெறுவதற்காக விலங்கைக் காத்தது. துப்பாக்கியையே ஆபத்தாகக் கண்ட இச்சட்டத்தின் நோக்கில் நிலத்தில் நேரும் மாற்றம் இடம்பெறவில்லை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்து முழுமையாக வேட்டையைத் தடை செய்தது. காட்டுயிர் ஆர்வலர் இ.ஆர்.சி. தாவிதார் 1970களில் வரையாட்டின் பரவலையும் எண்ணிக்கையையும் முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். முக்குருத்திப் பகுதி 1982ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 1990ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய் மதிப்பில் ஐந்தாண்டுக் கால நீலகிரி வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. தாவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொள்ளப்படுகிறது. இத்திட்டத்தின் கீழ் 2024ஆம் ஆண்டு நடைபெற்ற ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் பதிவாயின. 2025ஆம் ஆண்டு கேரளத்துடன் ஒரே நேரத்தில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின. இவ்வுயர்வில் இனப்பெருக்கத்தின் பங்கையும், கணக்கெடுப்புப் பகுதி விரிந்ததன் பங்கையும் பிரித்துப் பார்த்தே முடிவு காணவேண்டும். உலகிலுள்ள வரையாடுகள் அனைத்தும் இவ்விரு மாநிலங்களிலேயே அடங்குவதால், ஒரு பேரினத்தின் முழுத்தொகை மூவாயிரத்திற்கும் குறைவு என்பதே இக்கணக்கின் பொருளாகும்.

புதிய திட்டம் பழைய சட்டங்களினின்று வேறுபடும் இடம், வாழிட மீட்பை வெளிப்படையாகத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டமையாகும். அதே 2022ஆம் ஆண்டில் அயல் ஊடுருவல் தாவரங்கள், வாழிட மீட்பு ஆகியவை குறித்த மாநிலக் கொள்கையும் வெளியிடப்பட்டது. வரை இன்றி வரையாடு இல்லை என்பதை அரசின் ஆவணங்கள் ஏற்கத் தொடங்கியமையை இது காட்டுகிறது.

7. அயல்மரங்களை அகற்றுவதிலுள்ள சிக்கல்கள்

நட்ட மரத்தை வெட்டிவிட்டால் பழைய புல்வெளி திரும்பிவிடும் எனக் கருதுவதற்கில்லை. முதலாவதாக, சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கவல்லது. மரத்தை வெட்டி நிலத்தில் வெயில் படும்போதும், தீப்பரவும்போதும் அவ்விதைகள் ஒருசேர முளைக்கின்றன. ஒரு மரம் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகள் எழுகின்றன. ஆகவே வெட்டும் பணியை விட, ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கும் பணியே இன்றியமையாதது. ஒரே ஆண்டில் செலவிட்டு முடிக்கும் திட்டமாக இதனை வகுத்தால், செலவும் பயனற்றுப் போகும்; நிலமும் முன்னிலும் கேடுறும்.

இரண்டாவதாக, ஓர் அயல்தாவரம் நீங்கிய இடத்தை மற்றோர் அயல்தாவரம் பற்றிக்கொள்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள்நிறப் பூவுடைய ஸ்காட்ச் புரூம், கார்ஸ் ஆகிய புதர்கள் நீலகிரியின் திறந்த நிலங்களில் பரவிவருகின்றன. இவை புல்லை மூடி வளர்வதால் வரையாட்டிற்குப் பயன்படா.

மூன்றாவதாக, முதிர்ந்த சீகைக் காடுகளின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் வளர்கின்றன. உறைபனியிலிருந்து சீகையின் கவிகை அவற்றைக் காக்கிறது. இத்தகைய இடங்களில் சீகையை உடனே முழுமையாக வெட்டினால் சோலையின் மீள்வளர்ச்சியும் அழியும். எனவே ஓர் இடத்தில் மீட்கவேண்டியது புல்வெளியையா, சோலையையா என்பதை அவ்விடத்தின் பழைய நிலையைக் கொண்டும், இன்று அங்கு முளைப்பதைக் கொண்டும் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. பழங்கால நிலப்படங்களும் செயற்கைக்கோள் படங்களும் கள ஆய்வும் இதற்குத் துணையாகும்.

இச்சிக்கல்களைக் கருதும்போது பணிக்கு ஒரு முன்னுரிமை வரிசை தேவை என்பது புலனாகிறது. முழுதும் சீகை மூடிய நிலத்தை மீட்பதற்குப் பெருஞ்செலவும் நெடுங்காலமும் வேண்டும். தனித்தனிக் கன்றுகளே முளைத்துள்ள, இன்னும் புல்வெளியாகவே இருக்கும் நிலத்தைக் காப்பது எளிது, பயனும் உறுதி. அதனினும் முற்பட்டது, வரையாடு இன்றும் மேயும் பாறை விளிம்பை ஒட்டிய புல்வெளியைத் தூய்மையாக வைத்திருத்தல். கெட்டதைச் சீராக்குவதற்கு முன் கெடாததைக் காத்தல் என்னும் எளிய முறையே இங்கும் பொருந்தும்.

8. தோடரும் புல்வெளியும்

மரப்பயிர் வருமுன் இப்புல்வெளி ஆளற்றதாக இருக்கவில்லை. எருமை வளர்ப்பைத் தம் வாழ்வின் மையமாகக் கொண்ட தோடர் இம்மேட்டுநிலத்தில் பருவத்திற்கேற்ப இடம்மாறி மேய்த்துவந்தனர். காய்ந்த புல்லுக்குக் குளிர்காலத்தில் அளவறிந்து தீயிட்டுப் புதுப்புல் தளிர்க்கச் செய்யும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. வனத்துறை ஆட்சியில் இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. தோடரின் புனிதப் பால்மனைகளுக்குக் கூரை வேய, நீலகிரிக்கே உரிய ஒருவகை ஈரநிலப் புல் பயன்படுகிறது. ஈரநிலங்கள் குறைந்ததால் அப்புல்லும் அரிதாகிவிட்டது. இறந்தோர் உலகம் மேற்குத் திசையில் உள்ளது என்பது தோடர் நம்பிக்கை. முக்குருத்திப் பகுதி அவர்களின் புனித நிலவரைபடத்தில் இடம்பெற்றுள்ளது. வெளியார் 'தரிசு' எனக் கண்ட நிலத்தைத் தோடர் ஒவ்வொரு குன்றுக்கும் ஓடைக்கும் பெயரிட்டு அறிந்திருந்தனர்.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்தில் மேய்ச்சலை நெறிப்படுத்தி அனுமதிக்க இடமுண்டு. தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமில்லை. ஆகவே 1990ஆம் ஆண்டின் தகுதி உயர்வு, விலங்கிற்குக் கூடுதல் காப்பாக அமைந்ததோடு, புல்வெளியை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களுக்கும் அதற்கும் இடையே சட்ட வேலியாகவும் அமைந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் பழங்குடியினரின் உரிமைகளை ஏற்க வழிசெய்கிறது. மேய்ச்சலை மீண்டும் அனுமதிப்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும், புல்லின் இயல்பையும் பருவத்தையும் அறிந்தவர்களின் அறிவை மீட்புத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் முதுவர் பழங்குடியினர் தீத்தடுப்புப் பணியில் பங்குகொண்டு வருவது இதற்கு ஒரு முன்மாதிரி. அப்பூங்காவே இன்று வரையாடுகளின் மிகப்பெரிய கூட்டத்தைக் கொண்டுள்ளது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

• முக்குருத்தியின் புல்வெளி அழிந்த காட்டின் எச்சம் அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்பத்திற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் நிலைத்துள்ள இயற்கை வாழிடமாகும்.

• வரையாட்டிற்கு வேட்டையால் நேர்ந்த கேட்டைச் சட்டம் பெருமளவு தடுத்தது. வாழிட மாற்றத்தால் நேர்ந்த கேட்டை அது நெடுங்காலம் கருத்திற்கொள்ளவில்லை. விலங்கு முதல் அட்டவணையில் இடம்பெற்ற பின்னும் அதன் புல்வெளித் தொடரில் மரம் நடும் பணி தொடர்ந்தது.

• அயல்மரங்களால் நேர்ந்த இழப்பு காட்டுயிருக்கு மட்டும் உரியதன்று. நீர்வரத்துக் குறைவின் வழியே அது சமவெளி மக்களையும் சாரும்.

• அயல்மரங்களை அகற்றுதல் ஒருமுறைப் பணியன்று. இடத்திற்கேற்ற முறையும், பல்லாண்டுத் தொடர்பணியும், எஞ்சிய புல்வெளிக்கு முதன்மையும் அதற்கு இன்றியமையாதன.

• புல்வெளியோடு வாழ்ந்த தோடரின் அறிவு மீட்புப் பணிக்குத் துணையாகக் கொள்ளத்தக்கது.

காடு வளர்ப்பு, கார்பன் சேமிப்பு ஆகியவற்றின் பெயரால் மரமற்ற நிலங்களைத் தேடும் திட்டங்கள் இன்றும் வகுக்கப்படுகின்றன. வரைபடத்தில் வெறுமையாகத் தோன்றும் உயர்மலைப் புல்வெளி இத்தேடலில் எளிதில் அகப்படும். முன்பு விறகிற்கும் பட்டைக்கும் கூழுக்கும் இழந்ததை மற்றொரு நன்னோக்கத்திற்காக இழக்க நேரின், வரையாட்டிற்கு அதனால் வேறுபாடு எதுவும் இல்லை. நிர்வாக ஆவணங்களிலும் பாடநூல்களிலும் மலைப்புல்வெளியைத் 'தரிசு' என்னும் பட்டியலினின்று நீக்கித் தனி வாழிடமாகக் குறிப்பது, செலவின்றி உடனே செய்யக்கூடிய பாதுகாப்பு நடவடிக்கையாகும்.